சிவில் ஏர் பேட்ரோலா, கோஸ்ட் கார்டு ஆக்ஸிலியரியா, யங் ஈகிள்ஸா? அமெரிக்காவில் தன்னார்வ விமானிகளும் பிள்ளைகளும் எதில் சேரலாம்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் இரண்டு விதமானவர்கள் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஒருவர், கஷ்டப்பட்டுப் பணம் சேர்த்துத் தனியார் விமானி உரிமம் வாங்கியவர். வார இறுதியில் வாடகைக்கு ஒரு செஸ்னா எடுத்து, பக்கத்து ஊர் விமான நிலையத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அவருக்கு அலுத்துவிட்டது. கற்ற வித்தை யாருக்காவது உதவ வேண்டும் என்று நினைக்கிறார். இன்னொருவர், விமானச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடும் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ. பிள்ளையின் ஆர்வத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இருவரும் தேடத் தொடங்கினால் மூன்று பெயர்கள் கண்ணில் படும்: விமானப் படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோல் (சி.ஏ.பி.), கடலோரக் காவல் படையின் தன்னார்வப் பிரிவான கோஸ்ட் கார்டு ஆக்ஸிலியரியின் விமானப் பிரிவு, பிள்ளைகளை இலவசமாகப் பறக்கவைக்கும் யங் ஈகிள்ஸ். மூன்றிலும் தன்னார்வலர்கள்தான் விமானம் ஓட்டுகிறார்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் உங்களிடம் இவை கேட்பவை வேறு வேறு. சி.ஏ.பி. உங்கள் வாரங்களைக் கேட்கும். ஆக்ஸிலியரி உங்கள் விமானத்தையும் பல வருட அனுபவத்தையும் கேட்கும். யங் ஈகிள்ஸ் வருடத்தில் சில சனிக்கிழமைக் காலைகளைக் கேட்கும். எது பெரிய அமைப்பு, எது கௌரவமானது என்பதைவிட, உங்களால் தொடர்ந்து எதைக் கொடுக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஆர்வத்தில் சேர்ந்து ஆறு மாதத்தில் காணாமல் போகிறவர்களால் அந்த அமைப்புக்கும் பயனில்லை, அவர்களுக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

## முதலில் அளவுகோல்கள்

குடியேற்ற நிலை. நம்மவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இதைக் கேட்காமலே பிள்ளையிடம் ஆசை காட்டிவிடுகிறோம்.

வயதும் உரிமமும். பிள்ளைக்கு எட்டா, பன்னிரண்டா, பதினேழா? உங்களிடம் உரிமம் உண்டா? இருந்தால், கமாண்டராக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள்?

யாருடைய விமானம், யாருடைய எரிபொருள். தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் பறப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது. ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதி 61.113-இல் தேடல் பணிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அரசு அமைப்பின் கட்டுப்பாட்டிலோ, தேடல் பணி நடத்தும் அமைப்பின் கீழோ பறந்தால், எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகிய செலவுகளைத் திரும்பப் பெறலாம். இந்த விதிதான் சாதாரண விமானிகளைத் தேடல் பணியில் தாங்கிப் பிடிக்கிறது.

நேரம். பறக்கும் நேரம் மட்டும் கணக்கில்லை. கூட்டம், ஆன்லைன் பயிற்சி, ஆண்டுச் சோதனை, படிவங்கள், பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுவது எல்லாம் சேரும்.

காப்பீடும் ஆபத்தும். அசம்பாவிதம் நடந்தால் யார் பொறுப்பு என்பதை நாம் கேட்கக் கூச்சப்படுகிறோம். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிள்ளைக்கு எஞ்சுவது என்ன. ஒரு நாள் அனுபவமா, வருடக்கணக்கில் வளரும் பயிற்சியா?

இந்த அளவுகோல்களில் மூன்றும் எப்படி நிற்கின்றன என்பதை ஒரு பார்வையில்:

| | சிவில் ஏர் பேட்ரோல் | கோஸ்ட் கார்டு ஆக்ஸிலியரி | யங் ஈகிள்ஸ் |
|---|---|---|---|
| வயது | 12 முதல் கேடட். 18 முதல் பெரியவர் உறுப்பினர் | 17 முதல் | பறக்கும் பிள்ளைக்கு 8 முதல் 17 வரை |
| விமானம் | அமைப்பின் சொந்த விமானங்கள் | உறுப்பினர்களின் விமானங்கள் | விமானி கொண்டுவருவது |
| எரிபொருள் செலவு | ஒப்படைத்த பணிக்கு அமைப்பு. சொந்தப் பயிற்சிக்கு நீங்கள் | கடலோரக் காவல் படையின் ஆணையின் கீழ் பறந்தால் திரும்பக் கிடைக்கும் | முழுக்க விமானியுடையது |
| தேடல், மீட்பு | பெரும்பாலும் நிலத்தின் மேல் | நீரின் மேல் | கிடையாது |
| விமானி அல்லாதவருக்கு | நிறைய வேலை | ஓரளவு | தரையில் உதவி |
| நேரம் | வாரம் ஒரு மாலை, அவ்வப்போது சனிக்கிழமை | கூட்டங்கள், ரோந்து, கடுமையான பயிற்சி | சில காலைப் பொழுதுகள் |

## சிவில் ஏர் பேட்ரோல்

இது தொடங்கியது 1941 டிசம்பர் 1 அன்று. ஆறு நாள் கழித்து பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை, சாதாரணக் குடிமக்கள் சின்ன விமானங்களில் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் ரோந்து போய் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடினார்கள். அந்தத் தலைமுறைக்கு 2014-இல் காங்கிரஸின் தங்கப் பதக்கம் தரப்பட்டது. 1948-இல் ஒரு சட்டத்தின் வழியாக இது அமெரிக்க விமானப் படையின் அதிகாரபூர்வத் துணை அமைப்பானது. இன்று மூன்று வேலைகள் செய்கிறது: அவசரகாலப் பணி, விண்வெளி மற்றும் விமானக் கல்வி, கேடட் பயிற்சி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒற்றை எஞ்சின் விமானங்கள் இதனிடம் உள்ளன. பெரும்பாலும் செஸ்னா 172, 182, 206.

### தேடல் உண்மையில் எப்படி நடக்கிறது

ஒன்றோடொன்று ஒட்டிய 48 மாநிலங்களில், நிலத்தின் மேலான தேடலை ஒருங்கிணைப்பது ஃபுளோரிடாவின் டின்டல் தளத்தில் இருக்கும் விமானப் படை மீட்பு ஒருங்கிணைப்பு மையம். விமானத்தில் உள்ள அவசர சமிக்ஞைக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அங்கே வரும். முதலில் அந்தக் கருவி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத் தொலைபேசி போகும். விடை கிடைக்காவிட்டால் அந்த மாநிலத்தின் சி.ஏ.பி.க்கு அழைப்பு வரும். அந்தக் கருவி கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1972 அக்டோபரில் அலாஸ்காவில் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் என்ற இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் போன விமானம் காணாமல் போனது. 39 நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் சட்டம் இறுகியது.

சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை: வரும் சமிக்ஞைகளில் பெரும்பாலானவை விபத்து இல்லை. கொஞ்சம் கடினமாகத் தரையிறங்கியதில் கருவி உசுப்பப்பட்டு, பூட்டிய ஹாங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) கத்திக்கொண்டிருக்கும். நள்ளிரவில் கையில் ஆன்டெனாவோடு ஹாங்கர் ஹாங்கராக நடந்து அதை அணைப்பதும் இந்தச் சேவைதான். அதை அலட்சியமாக நினைப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது. பொய்ச் சமிக்ஞை அடங்கினால்தான் உண்மையான சமிக்ஞை காதில் விழும்.

உண்மையான தேடலும் எப்போதும் கண்டுபிடிப்பில் முடிவதில்லை. 2007 செப்டம்பர் 3 அன்று, உலக சாதனையாளர் ஸ்டீவ் ஃபாஸெட் நெவாடாவின் ஒரு பண்ணையிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பித் திரும்பவே இல்லை. சி.ஏ.பி. உட்படப் பலர் வாரக்கணக்கில் தேடினார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத பழைய விமானச் சிதைவுகள்கூடக் கிடைத்தன, அவருடைய விமானம் மட்டும் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் நடைபோன ஒருவர் அவருடைய அடையாள அட்டையைக் கண்டெடுத்த பிறகே இடம் தெரிந்தது. பல மணி நேரம் கீழே கண்ணைப் பதித்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பும் மனத்திடம் உங்களுக்கு இருக்கிறதா? சேர்வதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பல தேடல்கள் விமானம் கிளம்பும் முன்பே முடிந்துவிடுகின்றன. சி.ஏ.பி.யின் செல்பேசித் தடயவியல் குழுவில் இருக்கும் தன்னார்வலர்கள், காணாமல் போனவரின் செல்பேசி எந்தக் கோபுரத்தோடு கடைசியாகப் பேசியது என்ற தரவை அலசி இடத்தைச் சுருக்கித் தருகிறார்கள். ரேடார் பதிவுகளை அலசத் தனிக் குழு இருக்கிறது. மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். நம்முடைய அன்றாடத் திறமை ஒரு உயிரைக் காக்கக்கூடிய இடம் அது.

### பறக்கத் தெரியாதவருக்கு இங்கே என்ன இடம்

விமானி என்றால்தான் சேர முடியும் என்று நினைத்துப் பலர் விலகிவிடுகிறார்கள். தேடல் விமானத்தில் விமானியின் வேலை பாதுகாப்பாக ஓட்டுவது. அவருக்கு வலப்பக்கம் அமரும் அப்சர்வர் வானொலியையும் வழித்தடத்தையும் பார்த்துக்கொள்வார். பின்னிருக்கையில் இருக்கும் ஸ்கேனர்தான் தரையைத் துழாவும் கண். ஸ்கேனருக்கும் அப்சர்வருக்கும் விமானி உரிமம் தேவையில்லை. இவை தவிர வான்வழிப் புகைப்படக்காரர், தரைக் குழு, வானொலி இயக்குநர், ட்ரோன் குழு என்று வேலைகள் இருக்கின்றன. புகைப்பட வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2001 செப்டம்பர் 12 அன்று, நாடு முழுக்கப் பயணிகள் விமானங்கள் தரையிறக்கப்பட்டிருந்த வேளையில், நியூயார்க் கோபுர இடிபாடுகளின் மேல் பறந்து படமெடுத்தது ஒரு சி.ஏ.பி. செஸ்னா. பெரும் புயல்களுக்குப் பிறகு சேதத்தை அளக்க இன்றும் இவர்கள் எடுக்கும் படங்கள் பயன்படுகின்றன.

உரிமம் இருப்பவருக்கு ஒரு பொறுமைச் சோதனை உண்டு. சேர்ந்தவுடனே தேடல் விமானியாகிவிட முடியாது. முதலில் அமைப்பின் தகுதிச் சோதனைப் பறப்பு, ஆண்டுதோறும் மறுபடி. தேடல் விமானி நிலைக்குச் சுமார் 200 மணி நேரக் கமாண்டர் அனுபவம் வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஸ்கேனராகவோ அப்சர்வராகவோ தொடங்குங்கள். முன்னால் இருப்பவர் எடுக்கும் முடிவுகளைப் பின்னாலிருந்து பார்ப்பது, எந்தப் பறப்புப் பள்ளியும் கற்றுத்தராத பாடம்.

### கேடட் பிள்ளைக்கு

12 வயது நிறைந்த பிள்ளை கேடட்டாகச் சேரலாம். 19 வயது ஆவதற்குள் சேர்ந்துவிட்டால் 21 வரை கேடட்டாகத் தொடரலாம். வாரம் ஒரு மாலை கூட்டம். தலைமைப்பண்பு, விமான அறிவியல், உடல்தகுதி, நற்பண்பு என்று நான்கு பக்கமும் பயிற்சி. 18 வயதுக்குள் எஞ்சின் விமானத்தில் ஐந்து, எஞ்சின் இல்லாத கிளைடரில் ஐந்து என்று அறிமுகப் பறப்புகள் இலவசம். பிள்ளை முன்னிருக்கையில் அமர்ந்து, வழிகாட்டுதலோடு கட்டுப்பாட்டைக் கையில் பிடித்துப் பார்க்கும். ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். நன்றாக முன்னேறும் கேடட்டுகள் 'கேடட் விங்ஸ்' திட்டத்தில் போட்டியிட்டு, தனியார் விமானி உரிமம் வரைக்கும் பயிற்சி பெற முடியும். வெளியில் அந்த உரிமத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிச் செலவாகும் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரப் பறப்பு போதும் என்றாலும், பெரும்பாலானோருக்கு 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது.

கேடட்டுகள் தரைக் குழுவில் பயிற்சி பெற்று, உண்மையான தேடலிலும் பங்கெடுக்கலாம். பதின்ம வயதில் ஒருவருக்குப் பொறுப்பு என்றால் என்ன என்பதை இதைவிட நேரடியாகச் சொல்லித்தரும் இடம் எனக்குத் தெரியாது.

பெற்றோர்கள் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று: "இதில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போக வேண்டுமா?" இல்லை. எந்தக் கட்டாயமும் கிடையாது. போக விரும்பினால், கேடட் பயிற்சியின் முக்கியப் படியான மிட்செல் விருதைப் பெற்றவர் விமானப் படையில் உயர்ந்த தொடக்க நிலையில் சேரலாம், அவ்வளவுதான். ஆனால் சீருடை, சல்யூட், அணிவகுப்பு எல்லாம் உண்டு. அந்த ஒழுங்கில் மலரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வாடிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். விமானத்தின் மேல் மட்டும் ஆசை வைத்து, அணிவகுப்பை வெறுக்கும் பிள்ளையை இங்கே திணிக்காதீர்கள்.

### கண்ணில் படாத செலவு

உறுப்பினர் கட்டணம் பெரிதில்லை. பூட்ஸ், களச் சீருடை, கோடை முகாம், சிறப்புப் பயிற்சிகள், வாராவாரம் கார் ஓட்டம் என்று சேரும்போதுதான் தெரியும். விமானப் படைப் பாணிச் சீருடைக்கு எடை, முடி, தாடி விதிகள் இருக்கின்றன. தாடி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கு அமைப்பின் வேறு சீருடை உண்டு. பெரியவர்களுக்கு விரல்ரேகைச் சோதனையும், பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். அது இருப்பதே நமக்கு நிம்மதி.

குடியேற்ற நிலை: அமெரிக்கக் குடிமக்களும் க்ரீன் கார்டு உள்ளவர்களும் சேரலாம். எச்-1பி, எச்-4 நிலையில் இருப்பவர்கள் ஸ்க்வாட்ரன் (உள்ளூர்ப் பிரிவு) வழியாகத் தனி அனுமதி கேட்க வேண்டும். பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்துப்போகும் முன்பே இதை மின்னஞ்சலில் கேட்டு முடித்துவிடுங்கள்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2024 நவம்பரில் கொலராடோ மலைப்பகுதியில், வான்வழிப் புகைப்படப் பயிற்சியின்போது ஒரு சி.ஏ.பி. செஸ்னா 182 விழுந்து இருவர் இறந்தார்கள். தேடலும் புகைப்படமும் தாழப் பறக்கும் வேலைகள். மலையில் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். "எனக்குத் தெரியும்" என்ற துணிச்சலோடு வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். விமானப் படை ஒப்படைத்த பணியில் இருக்கும் பெரியவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் காயஈட்டுப் பாதுகாப்பு உண்டு. மற்றப் பறப்புகளுக்கு அது பொருந்தாது. எந்த வகைப் பறப்பில் ஏறுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பறக்கவே தெரியாத பெரியவர், மலிவாக உரிமம் வாங்கிவிடலாம் என்று எண்ணி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். பெரியவர்களுக்கு முதல் உரிமம் வாங்கித்தரும் பள்ளி இது இல்லை.

## கோஸ்ட் கார்டு ஆக்ஸிலியரி

நிலத்தின் மேல் விமானப் படை என்றால், நீரின் மேல் கடலோரக் காவல் படை. அதன் தன்னார்வப் பிரிவு 1939-இல் தொடங்கி, 1941-இல் ஆக்ஸிலியரி என்ற பெயரைப் பெற்றது. படகுக்காரர்கள்தான் இதில் அதிகம். விமானப் பிரிவு அளவில் சிறியது.

இங்கே விமானத்தை உறுப்பினரே கொண்டுவர வேண்டும். உங்கள் விமானம் பரிசோதிக்கப்பட்டுச் சேவைக்கு ஏற்கப்படும். அப்புறம் கடலோரக் காவல் படையின் ஆணை வந்தால் பறப்பீர்கள். கடலோர ரோந்து, எண்ணெய்க் கசிவு பார்ப்பது, பனிப்பாளங்களைக் கவனிப்பது, ஆட்களையோ பொருளையோ கொண்டுபோவது என்று வேலை இருக்கும். ஆணையின் கீழ் பறக்கும் நேரத்தில் உங்கள் விமானம் கடலோரக் காவல் படையின் விமானமாகவே கருதப்படும். எரிபொருளும், பராமரிப்புக்கான ஒரு தொகையும் திரும்பக் கிடைக்கும்.

விமானிகளிடம் எதிர்பார்ப்பு அதிகம். கோ-பைலட், ஃபர்ஸ்ட் பைலட், ஏர்கிராஃப்ட் கமாண்டர் என்று படிநிலைகள். மேல்நிலைக்கு ஆயிரம் மணி நேரக் கமாண்டர் அனுபவம் அளவில் கேட்பார்கள். நீச்சல் தகுதி, நீரில் விழுந்தால் விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சி, உயிர்காப்பு உடைகள் எல்லாம் உண்டு. நீரின் மேல் பறக்கும் வேலை என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானது. விமானம் இல்லாதவர் அப்சர்வராகவோ பணிக்குழு உறுப்பினராகவோ பறக்கலாம். ஆனால் அவருக்கு இடம் கிடைப்பது பக்கத்தில் எத்தனை விமானங்கள் சேவையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

மறைந்த செலவு என்றால் சொந்த விமானம்தான். திரும்பக் கிடைக்கும் தொகை, ஹாங்கர் வாடகையையும் ஆண்டுச் சோதனையையும் உங்கள் நேரத்தையும் ஈடுகட்டாது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் "ஆணையின் கீழ் பறந்தால் என் பாலிசி என்ன ஆகும்?" என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விமானத்தைக் கொடுங்கள். பின்னணிச் சோதனையும் குடியுரிமை பற்றிய கேள்வியும் விண்ணப்பத்திலேயே வரும்.

பிள்ளைகளுக்கு? பதினேழு வயதுக்குக் கீழே நேரடியாக இடமில்லை. சாரணர் இயக்கத்தின் கடல் பிரிவான ஸீ ஸ்கவுட்ஸோடு சேர்ந்து இளைஞர் திட்டம் இருக்கிறது, ஆனால் அது படகைச் சுற்றியது. பிள்ளையின் விமான ஆசைக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## யங் ஈகிள்ஸ்

விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷைத் தலைமையிடமாகக் கொண்ட விமான ஆர்வலர் சங்கமான இ.ஏ.ஏ. (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) 1992-இல் தொடங்கிய திட்டம் இது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறையும் 2003 டிசம்பர் 17-க்குள் பத்து லட்சம் பிள்ளைகளைப் பறக்கவைப்பது என்று இலக்கு வைத்து அதை எட்டினார்கள். இன்று எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடிகர் ஹாரிஸன் ஃபோர்டும், ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய சல்லன்பெர்கரும் இதன் தலைவர்களாக இருந்தவர்கள்.

முறை எளிது. உள்ளூர் இ.ஏ.ஏ. கிளை ஒரு காலைப் பொழுதை அறிவிக்கும். பெற்றோர் கையெழுத்திட்டால், 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளை, விமானத்தைச் சுற்றிப் பார்த்து, பதினைந்து இருபது நிமிடம் பறந்து இறங்கும். கட்டணம் இல்லை, சீருடை இல்லை. பறந்த பிள்ளைக்கு இலவச மாணவர் உறுப்பினர் நிலையும், ஸ்போர்டிஸ் நிறுவனத்தின் ஆன்லைன் விமானப் பாடமும் கிடைக்கும். தொடர்ந்து கிளையோடு ஒட்டியிருக்கும் இளைஞருக்கு ரே அறக்கட்டளையின் பறப்பு உதவித்தொகைக்கு வாய்ப்பு உண்டு. 10,000 டாலரும் அதற்கு மேலும் தரும் உதவித்தொகை அது.

விமானிக்கு நிபந்தனைகள்: இ.ஏ.ஏ. உறுப்பினராக இருக்க வேண்டும், பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் முடிக்க வேண்டும், உரிமமும் மருத்துவத் தகுதியும் நடப்பில் இருக்க வேண்டும், ஒரு பயணி இருக்கைக்குக் குறைந்தது 100,000 டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். வாடகை விமானம் ஓட்டுபவர்கள் கடைசி நிபந்தனையில்தான் சிக்குகிறார்கள். பறப்புக் கிளப்பின் காப்பீடு போதுமா என்று முதலில் பாருங்கள்.

எரிபொருள் முழுக்க உங்கள் பணம். வரிக் கணக்கில் செலவுகளைப் பட்டியலிட்டுக் காட்டுபவராக இருந்தால் எரிபொருளை நன்கொடைச் செலவாகக் கழிக்கலாம். காப்பீடு, பராமரிப்பு, தேய்மானம் கழியாது.

குறை என்ன? பறப்பு முடிந்த பிறகு பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போக ஆள் இருப்பது அந்தந்தக் கிளையைப் பொறுத்தது. சில கிளைகள் பிள்ளைகளை மறுபடி அழைத்து, விமானம் கட்டும் வேலையில்கூட உட்கார வைக்கின்றன. சில கிளைகளில் ஒரு சான்றிதழோடு கதை முடிந்துவிடும்.

எச்-4 பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அறிமுகப் பறப்புக்குத் தடையில்லை. ஆனால் பிள்ளை உரிமத்துக்காகப் பயிற்சி தொடங்கும்போது, அமெரிக்கக் குடிமகனாக இல்லாவிட்டால் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.யின் அனுமதி வேண்டும். க்ரீன் கார்டு இருந்தாலும் வேண்டும்.

## வேறு வழிகளும் உண்டு

மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் கீழ் தன்னார்வ விமான அணிகள் இயங்குகின்றன. உங்கள் ஊரில் இருந்தால் அது சி.ஏ.பி.யைவிட அருகிலும், மலைத் தேடலுக்கு நேரடியாகவும் அமையலாம். நோயாளிகளை இலவசமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஏஞ்சல் ஃப்ளைட் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. தேடல் பணியும் இளைஞர் பயிற்சியும் அவற்றில் இல்லை என்பதால் இங்கே விரிக்கவில்லை. நல்ல விமானமும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியும் உள்ளவர்கள் அவற்றைத் தனியாகப் பார்க்கலாம்.

## யார் எதில் சேரலாம்

பிள்ளைக்கு 8 முதல் 11 வயது: யங் ஈகிள்ஸ். யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டு ஆனதும் ஆசை நிலைத்திருந்தால் சி.ஏ.பி. பக்கம் திரும்புங்கள். இந்த வரிசைதான் எனக்குத் தெரிந்து மிகவும் பலன் தருவது, பணமும் குறைவு.

12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, க்ரீன் கார்டோ குடியுரிமையோ உண்டு, வாரம் ஒரு மாலை உங்களால் ஓட்டிச்செல்ல முடியும்: சி.ஏ.பி. கர்நாடக சங்கீத வகுப்பும் கணித வகுப்பும் ஏற்கெனவே மாலைகளை நிரப்பிவிட்டன என்றால், எதையாவது விட்ட பிறகு சேருங்கள். அரைகுறையாக வரும் கேடட் அடுத்த நிலைக்குப் போகாமல் சோர்ந்துவிடுவார்.

உரிமம் இருக்கிறது, நூறு மணி நேரத்துக்கும் குறைவான அனுபவம், சொந்த விமானம் இல்லை: சி.ஏ.பி.யில் ஸ்கேனராகத் தொடங்குங்கள். சொந்தச் செலவில் பறந்தாலும் அமைப்பின் விமானம் வெளி வாடகையைவிடக் குறைவாகவே வரும், தகுதிச் சோதனை நடத்தும் விமானிகளின் கண்காணிப்பும் கிடைக்கும்.

சொந்த விமானம் உண்டு, வேலையும் குடும்பமும் நேரத்தைத் தின்கின்றன: யங் ஈகிள்ஸ். மூன்று மாதத்துக்கு ஒரு காலை வந்தாலும் உங்களை வரவேற்பார்கள்.

கடலோரத்திலோ பெரும் ஏரிகளின் கரையிலோ வீடு, நல்ல விமானம், நிறைய மணி நேரம், பணி ஓய்வு நெருங்குகிறது: ஆக்ஸிலியரி உங்களுக்காகவே இருக்கிறது. இந்த நிலையில் உள்ள விமானிகள் குறைவு. நீங்கள் போனால் பக்கத்திலிருக்கும் கடலோரக் காவல் படை விமானத் தளத்துக்கு உண்மையான பலம்.

பறக்கவே ஆசையில்லை, ஆனால் தேடலில் உதவ வேண்டும்: சி.ஏ.பி.யின் தரைக் குழு, வானொலி, பணித்தள வேலைகள். தரவு அலசத் தெரிந்தவர்கள் செல்பேசிக் குழு எப்படி ஆள் சேர்க்கிறது என்று விசாரியுங்கள்.

## சேரும் முன் ஒரு முறை நேரில் போங்கள்

ஒரே அமைப்பில் இருந்தாலும் ஒவ்வொரு ஸ்க்வாட்ரனும், ஒவ்வொரு கிளையும் வேறு மாதிரி. பக்கத்தில் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் போங்கள். சி.ஏ.பி. ஸ்க்வாட்ரனில் இவற்றைக் கேளுங்கள்: கடந்த வருடம் எத்தனை கேடட்டுகள் அறிமுகப் பறப்புக்குப் போனார்கள்? விமானம் எந்த நிலையத்தில் நிற்கிறது, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்கேனர் பயிற்சி அடுத்து எப்போது? கூட்டத்தில் வகுப்பை நடத்துவது பெரியவர்களா, மூத்த கேடட்டுகளா? மூத்த கேடட்டுகளே நடத்தினால் அது உயிருள்ள ஸ்க்வாட்ரன்.

ஆக்ஸிலியரியில், பக்கத்து விமானத் தளத்தோடு எத்தனை விமானங்கள் இப்போது சேவையில் உள்ளன, கடைசி ரோந்து எப்போது போனது என்று கேளுங்கள். இ.ஏ.ஏ. கிளையில், யங் ஈகிள்ஸ் பறப்பு முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையையும் கூடவே அழைத்துப்போய், அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் தனியாகப் பேசவிடுங்கள். திரும்பும் வழியில் அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.